மலையில் ஓடும் பழைய காரின் வாஷர் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பழைய ஜீப் என்று வைத்து ஓட்டுபவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில். முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரைச் சரிசெய்வதும், மலைக்கு ஏற்றபடி அதைப் பராமரிப்பதும்தான் விஷயம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாஷர் வேலை செய்யவில்லை என்றதும் பம்பை மாற்றாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி பம்ப் அல்ல. அடைத்த ஜெட் (தண்ணீர் பீய்ச்சும் சிறு முனை), இறுகிப்போன டியூப், துருப்பிடித்த எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் வயர் இணைப்பு) இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மலையில் மழைக்குப் பஞ்சமில்லை, வைப்பரும் ஓடுகிறது. வாஷர் அவசியமா?

மழை பெய்யும்போது தேவையில்லை. மழை விட்ட அரை மணி நேரம்தான் ஆபத்து. சாலை ஈரமாக இருக்கும், மேலிருந்து தண்ணீர் வராது, முன்னால் போகும் லாரியின் சக்கரம் செம்மண் சேற்றை வாரி உங்கள் கண்ணாடியில் அடிக்கும். அந்த நேரத்தில் வைப்பரைப் போட்டால் சேறு கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். அடுத்த கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் சாய்ந்த வெயில் நேரே முகத்தில் அடித்தால், எதிரே வரும் பேருந்தே தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த மண்ணின்மேல் வைப்பர் ஓடினால் கண்ணாடியில் அரைவட்டமாகக் கீறல் விழும். பழைய கார்களுக்கு நல்ல முன்கண்ணாடி கிடைப்பது கஷ்டம். வாஷர் அந்தக் கண்ணாடிக்கும் பாதுகாப்பு.

என் வண்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாஷ்போர்டில் இருக்கும் குமிழைக் கையால் அமுக்கும்போது எதிர்ப்பு தெரிந்து, அமுக்கும் அளவுக்குத் தண்ணீர் பாய்ந்தால் அது கைப் பம்ப். உள்ளே ஒரு பிஸ்டனோ ரப்பர் சவ்வோ இருக்கும். பட்டனைத் தொட்டதும் பானெட்டுக்கு அடியில் 'கிர்ர்' என்று சத்தம் வந்தால் மோட்டார் பம்ப். மோட்டார் பம்பிலும் இரண்டு உண்டு. பழையவற்றில் மோட்டார் பாட்டில் மூடியின்மேல் உட்கார்ந்திருக்கும், நீளமான தண்டு தண்ணீருக்குள் இறங்கும். பிந்தைய வகையில் பாட்டிலின் அடியில் ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும்.

வாஷரே இல்லாமல் வந்த வண்டிகளும் உண்டு. அந்த வண்டிக்காரர்களுக்கான பதில் கீழே வருகிறது.

தண்ணீர் வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஜெட்டில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாஷர் டியூபின் உள்விட்டம் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் சிரிஞ்சின் மூக்கு அதில் ஏறக்குறைய சரியாக உட்காரும்.

முதலில் பாட்டிலில் தண்ணீர் பாதிக்குமேல் இருக்கிறதா பாருங்கள். பிறகு பம்பிலிருந்து ஜெட்டுக்குப் போகும் டியூபைப் பம்பின் பக்கத்தில் கழற்றி, சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, மெதுவாக அழுத்துங்கள். இரண்டு ஜெட்டிலும் நூல்போலத் தண்ணீர் வந்தால் அந்தப் பாதை நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் மறுபக்க ஜெட் அடைப்பு. அழுத்தவே முடியவில்லை என்றால் இரண்டு ஜெட்டும் அடைத்திருக்கிறது, அல்லது டியூப் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது நடுவிலுள்ள ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டது. அழுத்த முடிகிறது, ஆனால் ஜெட்டில் எதுவும் வரவில்லை என்றால் டியூப் வெடித்திருக்கிறது. பானெட் கீலுக்குப் பக்கத்தில் டியூப் வளையும் இடத்தை விரலால் தடவுங்கள், ஈரம் தட்டுப்படும்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பம்ப் வாங்கக் கோவைக்கு இறங்க வேண்டாம்.

டியூபைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பல வருடம் ஆன டியூப் ஜெட்டின் கழுத்தில் உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கும். இழுத்தால் ஜெட்டின் கழுத்துதான் உடையும். நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். புது டியூபின் நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் நனைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். கார் டியூப் கிடைக்காவிட்டால் மீன் தொட்டிக்கு வாங்கும் காற்றுக் குழாய் பொருந்தும். ஆனால் அதில் சிலிகான் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் குழாய் ஊட்டிக் குளிரில் விறைத்துக் குச்சியாகிவிடும். அதே மீன் கடையில் கிடைக்கும் சிறிய ஒருவழி வால்வும் இங்கே உதவும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ஏன்?

பாட்டிலின் அடியில் செருகும் வகை என்றால், உள்ளே சிறு விசிறி ஒன்று சுழன்று தண்ணீரைத் தள்ளுகிறது. அதற்குத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும் திறன் கிடையாது. தண்ணீர் தானாக வந்து விசிறியை மூழ்கடிக்க வேண்டும். அதனால் பம்பை எப்போதும் பாட்டிலின் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். இடம் வசதியாக இருக்கிறதென்று உயரத்தில் பொருத்தியவர்களுக்கு இந்தப் பிரச்சினை தீரவே தீராது.

பம்ப் சரியான இடத்தில் இருந்தும் வரவில்லை என்றால், பம்பின் வாயிலுள்ள சல்லடையைப் பாருங்கள். பச்சைப் பாசி ஜெல்லிபோல அடைத்திருக்கும். அதுவும் சுத்தம் என்றால் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். விசிறி தலைகீழாகச் சுழன்றால் சத்தம் வரும், தண்ணீர் துளித்துளியாகத்தான் வரும். யாரோ முன்பு வயர் மாற்றி இணைத்திருக்கலாம்.

தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள். உள்ளே இருக்கும் சீலுக்குத் தண்ணீர்தான் மசகு. காய்ந்து ஓடினால் சீல் தேய்ந்து, மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கித் துருவேறும். தண்ணீர் இருந்தாலும் ஒரே மூச்சில் பத்து வினாடிக்குமேல் பட்டனை அமுக்க வேண்டாம்.

சத்தமே வரவில்லை என்றால்?

அப்போது கரண்ட் பக்கம். சாவியைப் போட்டு, பம்பின் இரண்டு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்து, இன்னொருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். வயர் பம்பில் இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் துருப்பிடித்த இணைப்புகூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரி நன்றாக இருந்தால் பம்பில் 11 வோல்ட்டுக்குமேல் வர வேண்டும். வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் பழுது.

வோல்ட் குறைந்தால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதைப் பம்பின் எர்த் வயரிலும் வைத்துப் பட்டனை அமுக்குங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஈரமும் மூடுபனியுமான ஊரில் இதுதான் அதிகம். எர்த் திருகைக் கழற்றி, அடியிலுள்ள தகரத்தைப் பளபளப்பாகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள். எர்த் நன்றாக இருந்தால் பியூஸ், பிறகு பட்டன் என்று வரிசையாகப் பாருங்கள்.

கைப் பம்பைக் கழற்றிச் சரிசெய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். பழைய கைப் பம்புகள் திறந்து பழுதுபார்ப்பதற்கென்றே செய்தவை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மோட்டார் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லாத வேலை.

டாஷ்போர்டின் முன்பக்க நட்டைத் தளர்த்தி, பின்னாலிருந்து பம்பை எடுங்கள். இரண்டு டியூபில் எது பாட்டிலிலிருந்து வருகிறது, எது ஜெட்டுக்குப் போகிறது என்று உடனே டேப் ஒட்டிக் குறியுங்கள். ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறக்க வேண்டும். காரணம், உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள் இருக்கலாம். அவைதாம் தண்ணீர் ஒரே திசையில் போக வைக்கும் வால்வு. சிமெண்டுத் தரையில் உருண்டால் அவ்வளவுதான்.

குமிழின் தண்டை உருவினால் ஸ்பிரிங்கும், நுனியில் கிண்ணம்போலக் குழிந்த ஒரு வாஷரும் வரும். பெரும்பாலும் தோல் அல்லது ரப்பர். தோலாக இருந்து காய்ந்து சுருங்கியிருந்தால் வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் விரலால் விளிம்பை வெளிப்பக்கம் விரித்துவிட்டால் மறுபடி உருளையின் சுவரைத் தொடும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், உருளையின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் நல்லது. எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் வேண்டாம், இயற்கை ரப்பர் அவற்றில் ஊறி உப்பிவிடும்.

குண்டு உட்காரும் இடத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் அரை மணி நேரம் வினிகரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து வால்வு கசியும்.

கோத்தபிறகு காருக்குள் பொருத்தும் முன்பே ஒரு மக்கில் தண்ணீர் வைத்துச் சோதியுங்கள். முதல் ஐந்தாறு அமுக்கலில் காற்றுதான் வரும், பிறகு தண்ணீர் பிடிக்கும். வெளிவாயை விரலால் அடைத்து அமுக்கினால் குமிழ் இறங்கக் கூடாது. மெல்ல இறங்கினால் கிண்ண வாஷர் கசிகிறது அல்லது உள்வாய்க் குண்டு சரியாக உட்காரவில்லை.

மோட்டார் பம்பையும் அப்படித் திறக்கலாமா?

திருகு போட்ட பழைய பம்ப் என்றால் திறக்கலாம். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும், அது உரசும் செம்புப் பட்டைகள் கறுத்திருக்கும். 400 எண் உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களை ஊசியால் சுத்தம் செய்யுங்கள். ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பம்பைப் பிளக்க வேண்டாம், மறுபடி நீர் புகாமல் மூட முடியாது.

மேட்டுப்பாளையத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறினால், ஊட்டி வருவதற்குள் ஜெட்டில் தானாகத் தண்ணீர் கசிகிறது. பம்ப் பழுதா?

பம்ப் நன்றாக இருக்கிறது. மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே மூடிய பாட்டிலுக்குள் சிக்கிய காற்று மேலே வர வர விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் உப்பி நிற்பதும் இதனால்தான். திரும்ப இறங்கும்போது நேரெதிராக நடக்கும்: பாட்டில் உள்வாங்கி ஒடுங்கும், பம்ப் எவ்வளவு முயன்றாலும் தண்ணீரை இழுக்க முடியாது.

மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். அதைச் சுத்தம் செய்தால் போதும். துளையே இல்லாத மாற்று மூடி போட்டிருந்தால் 1 மில்லிமீட்டர் டிரில்லால் ஒன்று போடுங்கள்.

சமதளத்தில் வேலை செய்கிறது, ஏற்றத்தில் வருவதில்லை. இறக்கத்தில் நிறுத்தினால் தானே ஒழுகுகிறது.

ஏற்றத்தில் பாட்டிலுக்குள் தண்ணீர் பின்பக்கம் சாய்கிறது. உறிஞ்சும் குழாயின் வாய் முன்பக்கம் இருந்தால் பாதி பாட்டிலிலும் காற்றைத்தான் இழுக்கும். குழாயின் நுனியைப் பாட்டிலின் பின்மூலையில் ஆழமான இடத்துக்குத் தள்ளுங்கள், மலையில் பாதிக்குக் கீழே தண்ணீர் குறைய விடாதீர்கள். வண்டியின் நிலை மாறி நீர்மட்டம் ஜெட்டைவிட உயர்ந்தால் ஒருமுறை தொடங்கிய ஒழுக்கு நிற்காது. பாட்டிலைக் கீழே இறக்குவதுதான் நிரந்தரத் தீர்வு. ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வும் ஓரளவு தடுக்கும்.

உறைபனிக் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். அங்கே வெட்டவெளியில் நிறுத்தும் வண்டியில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. முதலில் உறைவது மெல்லிய டியூபும் ஜெட்டும்தான். அது தெரியாமல் பட்டனை அமுக்கினால் மோட்டார் திணறி பியூஸ் போகும், கைப் பம்பை அழுத்தினால் தோல் கிண்ணம் மடிந்துகொள்ளும்.

800 மில்லி தண்ணீருக்கு 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஆறேழு டிகிரிவரை உறையாது. ஊட்டிக்கு அது தாராளம். கையில் இருப்பது 70 சதவீதக் கரைசல் என்றால் 700 மில்லிக்கு 300 மில்லி. எளிதில் தீப்பற்றும் பொருள், திறந்த இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாமல் கலக்குங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மெத்தனால் விஷம், அதைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டர் கூலண்டையும் ஊற்றாதீர்கள். அதுவும் விஷம், கண்ணாடியிலும் எண்ணெய்போலப் படியும்.

பழைய கார்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மறுபூச்சு செய்யாத பழைய லேக்கர் பெயிண்டை ஆல்கஹால் மென்மையாக்கும், பானெட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் கரையும். எனவே தோல் வாஷர் உள்ள கைப் பம்புக்குப் பனிக்காலம் முடிந்ததும் மறுபடி எண்ணெய் கொடுக்க வேண்டும். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் இரவில் பாட்டிலைக் காலி செய்து, பம்பை நாலைந்து முறை அமுக்கி டியூபை வெறுமையாக்கிவிடுங்கள். கைப் பம்புக்கு இது பழுதில்லாத வழி. மோட்டாருக்கு மட்டும் ஒரு வினாடிக்குமேல் வேண்டாம்.

கண்ணாடியில் படிந்த பனியின்மேல் கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். குழாய்த் தண்ணீரே போதும்.

பாட்டிலில் சோப்புத் தூள் கரைத்து ஊற்றலாமா?

வேண்டாம். கரையாத தூள் ஜெட்டை அடைக்கும், நுரை கண்ணாடியில் நின்றுவிடும். ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் கார் ஷாம்பூ போதும். சமவெளி போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதை நிரப்பாமல் மழைநீரோ பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்துங்கள். பாட்டிலில் பாசி பிடித்திருந்தால் ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள், மூலையெல்லாம் சுத்தமாகும்.

ஜெட்டை எப்படிச் சுத்தம் செய்து குறி வைப்பது?

மெல்லிய தையல் ஊசியால் வெளியிலிருந்து லேசாகக் குத்தி, பின்பக்கமாகச் சிரிஞ்சால் தண்ணீர் அடித்து அழுக்கை வெளியேற்றுங்கள். பித்தளை ஜெட் மென்மையானது. பெரிய ஊசியால் குடைந்தால் துளை அகன்று, பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வழியத் தொடங்கும். வெகுநாள் நிறுத்திய வண்டியில் குளவி மண்கூட அடைத்திருக்கும், அதைக் குத்தாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள்.

சமவெளியில் வேகமாகப் போகும்போது காற்று தண்ணீரைக் கீழே தள்ளும் என்பதால் குறியைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். மலைப்பாதையில் 20, 30 கிலோமீட்டர் வேகம்தான். வைப்பர் துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே தண்ணீர் விழுந்தால் போதும்.

வாஷரே இல்லாத வண்டிக்கு மாருதி 800 மோட்டார் பொருந்துமா?

12 வோல்ட் வண்டி என்றால் பொருந்தும், விலையும் குறைவு, எங்கும் கிடைக்கும். பாட்டிலோடு சேர்த்து வாங்குவது நல்லது. பழைய பாட்டிலில் துளையிடுவதானால் ரப்பர் வளையத்தின் உள்பள்ளத்தை அளந்து, அதே அளவில் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கசியும். சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, தனியாக 5 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். லூகாஸ் நிறுவன வயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளின் 35 ஆம்பியர் பியூஸை நம்பக் கூடாது, அது போவதற்கு முன்பே இந்த மெல்லிய வயர் உருகிவிடும்.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டியானால் பம்பின் இரண்டு வயரையும் மாற்றி இணைத்தால் சரியாகச் சுழலும். 6 வோல்ட் பழைய ஜீப்பில் இந்த மோட்டார் திணறும். அங்கே கைப் பம்புதான் சரி.

50 ஆண்டு கடந்த வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்கீழ் பதிய நினைப்பவர்கள் பாடியில் புதுத் துளை போடாதீர்கள். அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் அடிப்படை. ஏற்கெனவே உள்ள போல்ட்டில் பட்டி மாட்டி பாட்டிலைத் தொங்கவிடலாம், டியூபை வைப்பர் கையோடு கட்டி வெளியே கொண்டுவந்தால் ஜெட்டுக்கும் துளை தேவையில்லை.

பாட்டிலில் விரிசல். பசை போட்டு ஒட்டலாமா?

பாலிஎத்திலீன் பாட்டிலில் எந்த உடனடிப் பசையும் நிற்காது. விரிசலின் இரு முனையிலும் 2 மில்லிமீட்டர் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு அதே வகை பிளாஸ்டிக் துண்டைச் சால்டரிங் அயர்னால் உருக்கி, துளைகளையும் சேர்த்து மூடுங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் ஒட்ட முயலாமல் மாற்றுங்கள்.

மலை ஏறும் முன் வண்டியில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

20 மில்லி சிரிஞ்ச், ஒரு தையல் ஊசி, ஒரு மீட்டர் சிலிகான் டியூப், டியூபை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டி இணைப்பு, இரண்டு 5 ஆம்பியர் பியூஸ், மூடி இறுகிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலுக்குப் பொருந்தும், சூடான ஊசியால் மூன்று துளை போட்ட இன்னொரு மூடியும் வைத்திருங்கள். பர்லியாருக்கும் குன்னூருக்கும் நடுவே வாஷர் கைவிட்டால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூடியை மாற்றி கண்ணாடியில் பீய்ச்சிக் கழுவிக்கொண்டு போகலாம்.